சண்முகவடிவின் இருபத்திரண்டு நொடி

மூன்றாம் குவிமாடத்துச் சந்தையில் காலை ஏழு மணிக்குப் பதினேழு பெண்கள் ஒரே குரலில் பாசிக்கீரை பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரே மாதிரிக் குரல் என்று நினைத்துவிடாதீர்கள், ஒரே குரல். பொதுக்குரல் நான்கு. கீரைக்காரர் பேசியது பொதுக்குரல் இரண்டு. அவரோடு மல்லுக்கு நின்ற பெரியவருக்கும் அதே இரண்டுதான் என்பதால், தூரத்திலிருந்து கேட்டால் ஒரு மனிதர் தன்னைத்தானே திட்டிக்கொள்வதுபோல இருக்கும். செவ்வாயில் இதற்கெல்லாம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

புழுதி அப்படி. எத்தனை வடிகட்டி போட்டாலும் கோதுமை மாவாட்டம் உள்ளே வந்துவிடும். அங்கே பிறக்கும் குழந்தை முதல் அழுகையையே கரகரப்பாகத்தான் அழும். நாற்பது வயதில் குரல்நாண் தேய்ந்து பேச்சு நின்றுபோகும். பிறகு தொண்டைக்குள் குரற்பேழை. அதில் ஒரு குரலைப் பதிக்க வேண்டும். பதித்தால் பதித்ததுதான், மாற்ற முடியாது. ஆறு பொதுக்குரல்களைக் குடியேற்ற நிர்வாகம் இலவசமாகத் தருகிறது. அது வேண்டாமென்றால், பூமியில் வாழ்ந்த சொந்த மூதாதை ஒருவர் பேசிய இருபது நொடித் தூய பேச்சைக் கொண்டுவர வேண்டும். அடுத்த வீட்டுக் குரலைத் திருடக் கூடாது என்பது சட்டம்.

அஞ்சுகத்துக்கு நாற்பத்தொன்று நடந்துகொண்டிருந்தது. குரல் ஏற்கெனவே காற்றாகிவிட்டது. மறுநாள் காலை பத்து மணிக்கு அறுவை சிகிச்சை. பொதுக்குரல் நான்கு என்றாலே அவளுக்கு ஆகாது. அவள் அம்மாவுக்கு அந்தக் குரல்தான். ஐந்து வயதில் சரக்கு மேடைக் கூட்டத்தில் கை நழுவியபோது, "இங்க வாடி கண்ணு" என்ற அம்மாவின் குரல் கேட்டு ஓடினாள். கூப்பிட்டது வேறு யாரோ, வேறு பிள்ளையை. அன்று பகல் முழுவதும் அம்மாவின் குரல் நாலா பக்கமும் கேட்டுக்கொண்டே இருந்தது, அம்மாதான் இல்லை. இன்று அவளுக்கே ஆறு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். வீட்டில் தும்பி என்று கூப்பிடுவார்கள். அந்தப் பயம் தும்பிக்கு வரக் கூடாது என்பது ஒன்றுதான் அஞ்சுகத்தின் பிடிவாதம்.

அதனால்தான் அன்று காலை பரஞ்சோதியின் கடைக்கு வந்திருந்தாள்.

பரஞ்சோதி வடிவமாற்றுநர். மக்கிப்போன பழைய கோப்புகளை இப்போது புழங்கும் தரவடிவு ஏழுக்கு மாற்றித் தருவது தொழில். 'கோப்பு செத்துப்போச்சு என்பவன் தேடத் தெரியாதவன்' என்று கடை வாசலிலேயே எழுதிப் போட்டிருந்தார். கர்வம்தான். ஆனால் இருபது வருஷத்தில் ஒருவரைக்கூட வெறுங்கையோடு அனுப்பியதில்லை என்பதால் ஊர் அதைப் பொறுத்துக்கொண்டது.

"யாரு குரல் தங்கச்சி?" என்றார்.

"சண்முகவடிவு. அம்மா வழியில ஏழாந் தலைமுறை. சாத்தூர்ப் பக்கம்." அஞ்சுகம் ஒவ்வொரு சொல்லாக மூச்சுப் பிடித்துச் சொன்னாள். "பெரிய வாயாடியாம்ணே. அவ பேசினா பஸ்ஸே நின்னு கேட்டுட்டுப் போகுமாம். இன்னைக்கும் எங்க வீட்ல வாயடிக்கிற பிள்ளையைச் சண்முகவடிவுன்னுதான் திட்டுவாங்க."

"அப்புறம் என்ன? இருபது நொடி கேட்டா இருபது மணி நேரம் கிடைக்கும்!"

அவள் கொண்டுவந்தது 2007ஆம் ஆண்டுக் கல்யாண வீடியோ. அந்தக் காலத்து மனிதர்கள் கல்யாணத்தை ஒரு வெள்ளித் தட்டில் பதிந்து, உறைமேல் மணமக்கள் படத்தை அச்சடித்து, பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். பார்க்க நேரம் கிடைக்காது. பூஞ்சை பிடிக்கும் முன்னால் பேரனோ பேத்தியோ அதிலுள்ளதை உருவிக் கணினியில் போடுவார்கள். தொழிலில் இதற்கு 'உரித்தல்' என்று பெயர். உரித்து வருவது வாப் என்ற வகைக் கோப்பு. அது ஒரு ஜிபிக்கு ஒரு துண்டாகத் தன்னை வெட்டிக்கொள்ளும். உள்ளே நடப்பது என்ன என்று அதற்குக் கவலையில்லை. தாலியின் இரண்டு முடிச்சு ஒரு துண்டிலும் மூன்றாவது முடிச்சு அடுத்த துண்டிலும் இருக்கும்.

அஞ்சுகத்திடம் ஐந்து துண்டுகள் இருந்தன. 'கல்யாணம் கடைசி', 'கல்யாணம் கடைசி புதுசு', 'கல்யாணம் இதுதான் கடைசி' என்று ஏதோவொரு நூற்றாண்டில் யாரோ பெயர் வைத்திருந்தார்கள். எது முன், எது பின் என்று கண்டுபிடிக்கவே பரஞ்சோதிக்கு அரை மணி நேரம் ஆனது. ஐந்தையும் ஒட்டி, பட்டை பட்டையாகக் கிழிந்த அசைவைச் சீராக்கி, மாற்றியில் ஏற்றினார். பத்தே நிமிஷத்தில் சண்முகவடிவு கடை நடுவில் பட்டுப்புடவையோடு நின்றாள்.

ஒரு ரோஜாப்பூ விரிந்தது. உள்ளே அவள் முகம். ஒரு இதயம் சுழன்றது. உள்ளே மாப்பிள்ளை முகம். இருவரும் காரணமில்லாமல் ஒரு பனிமலை மேல் நின்றார்கள். எல்லாவற்றுக்கும் மேலே நாதஸ்வரம், அதற்கு மேலே ஒரு காதல் பாட்டு. மேடையில் உறவினர்கள் வாயசைத்தார்கள், பாட்டு கேட்டது. பந்தியில் ஒருவர் கையை ஆட்டி எதற்கோ கோபித்துக்கொண்டார், பாட்டு கேட்டது. நான்கு மணி நேரத்தில் முப்பத்தொரு பாட்டு. மனிதக் குரல் ஒன்றுகூட இல்லை.

"என்னண்ணே இது?" அஞ்சுகத்தின் முகம் வெளுத்துவிட்டது.

"அந்தக் காலத்து வழக்கம். வீடியோக்காரர் கூட்டத்துச் சத்தத்தை எடுத்துட்டு மேலே பாட்டை ஒட்டிக் கொடுப்பார். ஜனங்களும் அதைத்தான் கேட்டு வாங்கினாங்க."

அஞ்சுகம் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுகையிலும் சத்தம் வரவில்லை. அதைப் பார்க்கப் பரஞ்சோதிக்கே ஒரு மாதிரியாக இருந்தது.

"அட, என் கடையில வந்து அழுறியே தாயி. வாசல்ல என்ன எழுதியிருக்கு, வாசிச்சியா? வாப் கோப்பு ரயில் மாதிரி. எட்டு பெட்டி வரைக்கும் ஒலியை ஏத்தலாம். தரவடிவுக்கு மாத்துற இயந்திரம் முதல் பெட்டியை மட்டும் பாத்துட்டு மிச்சத்தைக் கழட்டி விட்டுரும். நல்ல வேளை, உங்க வீட்டு ஆளுங்க சோம்பேறிங்க. இத்தனை தலைமுறையா மாத்தாமலே வெச்சிருக்காங்க!"

மூலக் கோப்பைத் திறந்து ஒவ்வொரு தடமாகத் துழாவினார். முதல் தடம் பாட்டு. இரண்டாவது தடத்தில் கை வைத்ததும் கடைக்குள் ஒரு கல்யாண மண்டபமே இரைந்தது. குழந்தை அழுகை, பாத்திரம் உருளும் சத்தம், "அண்ணே இங்க பாருங்க, கொஞ்சம் சிரிங்க" என்ற வீடியோக்காரரின் குரல். மனிதர் அசல் ஒலியை அழிக்க மறந்து உள்ளேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

"மவராசன்!" என்று தொடையில் தட்டினார் பரஞ்சோதி.

அஞ்சுகத்தின் மரபணுச் சீட்டையும் மணப்பெண்ணின் உதட்டசைவையும் வைத்து இயந்திரம் சண்முகவடிவின் குரலைப் பிரித்தெடுத்து, அவள் பேசும் இடங்களை மட்டும் அக்கம்பக்கத்துப் பேச்சோடு ஓட்டிக் காட்டியது. மணி மாதிரி குரல். புழுதி தொடாத பூமிக் குரல். அஞ்சுகம் எழுந்து நின்றுவிட்டாள்.

"பேசாதீங்க அத்தை, வீடியோ ஓடுது."

ஒரு கிழவர் மேடையேறி, கண் கலங்க, "உங்கப்பன் மட்டும் இன்னைக்கு இருந்திருந்தா..." என்று தொடங்கினார். "அப்புறம் பேசலாம் பெரியப்பா. வீடியோ ஓடுது."

தோழி ஒருத்தி காதோரம் ஏதோ சொல்லிச் சிரித்தாள். "சும்மா இருடி, வீடியோ."

மாப்பிள்ளை குனிந்து, "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றான். "அப்புறம் சொல்லுங்க. அங்க பாத்துச் சிரிங்க, வீடியோ ஓடுது."

நான்கு மணி நேரத்தில் பதினொரு முறை வாய் திறந்திருக்கிறாள். பதினொரு முறையும் யாரையோ வாயை மூடச் சொல்லியிருக்கிறாள். கூட்டிப் பார்த்தால் இருபத்திரண்டு நொடி.

"இருபது போதும். ரெண்டு நொடி மிச்சம்!" பரஞ்சோதி குரல் பதிந்த சில்லை அவள் கையில் வைத்தார்.

அஞ்சுகத்துக்குச் சந்தோஷமும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "ஊரையே பேச்சுல விலைக்கு வாங்கினவளாம். கடைசியில என்னத்தப் பேசியிருக்கா பாத்தீங்களா? புருஷன் என்ன சொல்ல வந்தான்னுகூடக் கேக்கலையே, பாவி! நானா இருந்தா அந்த கேமராவைத் தூக்கி எறிஞ்சுட்டுப் பேசியிருப்பேன்."

அறுவை சிகிச்சை நன்றாக முடிந்தது. மூன்றாம் நாள் குரற்பேழையை இயக்கினார்கள். உறவு சனம் பதினான்கு பேர் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். எல்லாருடைய கண்ணோரத்திலும் பச்சைப் புள்ளி எரிந்தது. விழிப்பதிவு ஓடுகிறது என்று அர்த்தம். செவ்வாயில் எல்லாருக்கும் கண்ணிலேயே கேமரா உண்டு. முதல் வார்த்தையைத் தவறவிட யாருக்கும் மனசில்லை.

கூட்டத்தின் கால்களுக்கிடையே புகுந்து தும்பி கட்டிலில் ஏறினாள்.

"அம்மா! அம்மா! எனக்குப் பல்லு விழுந்துருச்சும்மா. அப்ப என்னாச்சு தெரியுமா..."

அஞ்சுகம் வாய் திறந்தாள். நூற்றெண்பது வருஷத்துக்குப் பிறகு அந்தக் குரல் காற்றில் மணியாக ஒலித்தது.

"ஷ்... பேசாத தும்பி. பதிவு ஓடுது. அங்க பாத்துச் சிரி."

எல்லாரும் கைதட்டினார்கள். என்ன ஒரு குரல்! மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தும்பி, பல் இல்லாத இடத்தை உதட்டால் மூடியபடி சிரித்தாள்.

அடுத்த வாரம் அஞ்சுகம் பரஞ்சோதி கடைக்கு வந்தாள். சந்தைக் கூட்டத்தில் ஒரு சத்தம் கொடுத்தால் போதும், தும்பி சரியாகத் தன்னிடம் ஓடி வருகிறாள் என்று பெருமையோடு சொன்னாள். அவர் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். பிறகு பதினான்கு விழிப்பதிவுகள் அடங்கிய சில்லை நீட்டினாள்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரியில எடுத்ததுண்ணே. ஒண்ணாச் சேர்த்துத் தரவடிவுக்கு மாத்திருங்க. பின்னாடி ஒரே இரைச்சல், மருந்து இயந்திரம் வேற கீ கீன்னு கத்துது. அந்த ஒலியை எடுத்துட்டு நல்ல பாட்டா ஒண்ணு போட்டுருங்க."

பரஞ்சோதி அவள் முகத்தைப் பார்த்தார். அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை.

"போட்டுரலாம்" என்றார். பாட்டை முதல் தடத்தில் ஏற்றினார். அசல் ஒலியை அழிக்கவில்லை. இரண்டாவது தடத்தில் பத்திரமாகப் போட்டு வாயடைத்து வைத்தார். என்றைக்காவது ஒருத்தி அழுதுகொண்டு வருவாள், அப்போதும் இந்தத் தொழில் நடக்க வேண்டுமே.

அஞ்சுகம் அடுத்த கடைக்குப் போயிருந்தாள். தும்பி மட்டும் முக்காலியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, அன்னைக்குப் பல்லு விழுந்தப்ப என்னதான் ஆச்சு?" என்று கேட்டார் பரஞ்சோதி.

தும்பி முக்காலியிலிருந்து இறங்கி, கிட்டே வந்து, அவருடைய இடது கண்ணோரத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு வலது கண்ணோரத்தை. பச்சைப் புள்ளி இல்லை.

"ஓடலையா?"

"ஓடல தாயி."

"அப்ப சொல்றேன்" என்று ஆரம்பித்தாள். அம்மா திரும்பி வரும்வரை நிறுத்தவில்லை. அது எந்தக் கோப்பிலும் இல்லை.