பெட்டிக்குள் ஊதிய மூச்சு

பசைச் சட்டிக்கு அடியில் எரிந்த விளக்கைக் காசியானோ ஊதினார். சுடர் அசையவில்லை. கன்னம் உப்ப மறுபடியும் ஊதினார். சுடர் அப்படியே நிமிர்ந்து நின்றது. முதுகுக்குப் பின்னால், மேசையில் கிடந்த கிட்டார்தான் லேசாக முனகியது.

கிரனாடா நகரமே கதவடைத்துத் தூங்கும் ஆகஸ்ட் மதியம். ஜன்னல் சட்டங்களின் இடுக்கில் வந்த வெயில் பட்டறைத் தரையில் கோடுகோடாக விழுந்திருக்க, சைப்ரஸ் மரத்தூளின் வாசமும் தோல் பசையின் கவிச்சியும் அரக்கைக் கரைத்த சாராயத்தின் நெடியும் சேர்ந்து தொண்டையை அடைக்க, மாடியில் மனைவி அங்குஸ்தியாஸ் புரண்டு படுக்கும் கட்டில் சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டது. இன்னொரு சத்தமும் கேட்டது. கிட்டாரின் வட்டத் துளைக்குள் யாரோ மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்கள்.

தப்பு அவருடையதுதான், யாரை நொந்துகொள்வது? அறுபது வருஷத்துக்கு முன் செத்துப்போன செராபின் மேஸ்திரி கையால் செய்த கிட்டார் அது. உள்ளே ஒரு குறுக்குச் சட்டம் பசை விட்டுப் பெயர்ந்திருந்தது. முதுகுப் பலகையைக் கழற்றி, சட்டத்தை ஒட்டி, மூன்று நாளுக்கு முன் திரும்ப மூடினார். விளிம்பெல்லாம் சூடாகப் பசை தடவியாயிற்று. ஒரு நிமிஷம் போனால் இறுகிவிடும். அப்போது பார்த்தா உள்ளே ஒரு சுருள் மரச்சீவல் கண்ணில் பட வேண்டும்? மூடப்போகும் பெட்டியை ஆட்டுமுடித் தூரிகையால்தான் துடைக்க வேண்டும், வாயால் ஊதவே கூடாது. இந்தத் தெருவில் உளி பிடித்த எவனுக்கும் அது தெரியும். தூரிகையைத் தேட நேரமில்லை. ஊதினார், மூடினார்.

அன்று மாலையே படியேற மூச்சு வாங்கியது. நேற்று பேச்சு பாதியில் நின்றது. "எல்லாம் அந்தப் பாழாப்போன புகையில பண்ற வேல. சொன்னா கேட்டாத்தானே!" என்று அங்குஸ்தியாஸ் தலையில் அடித்துக்கொண்டாள்.

நாலு மணிக்குக் கிட்டாரின் சொந்தக்காரர் இசிதோரோ வந்துவிடுவார். அதற்குள் பெட்டியைத் திறந்து தன் மூச்சை மீட்டாக வேண்டும்.

மெல்லிய கத்தியைச் சூடுகாட்டி, முதுகுப் பலகையின் ஓரத்தில் நுழைத்தார். ஐயோ! சுட்டது அவர் விலாவில். சட்டையைத் தூக்கிப் பார்த்தார். இடப்பக்கம் நூல் மாதிரி ஒரு கோடு. ரத்தம். பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் ஒரு விரற்கடை தள்ளினார். விலாவில் கோடும் அதே அளவு நீண்டது.

கத்தி கீழே விழுந்தது.

கதவு தட்டப்பட்டது.

"மேஸ்திரி! ஆச்சா? நாளைக்கு மாட்ரிட்டுல கச்சேரி. அஞ்சு மணி ரயில விட்டா என் கதை கந்தல்!" இசிதோரோ உள்ளே வந்ததும் கிட்டாரை மடியில் வைத்து ஒரு மீட்டு மீட்டினார். "அடேங்கப்பா! என்ன கார்வை!"

அந்தக் கார்வை அடங்கும்வரை காசியானோவுக்கு மூச்சே வரவில்லை. கிட்டார் உறைக்குள் போனது. பூட்டு விழுந்தது. அவர் பாய்ந்து உறையைக் கட்டிக்கொண்டார். போகாதே என்று கத்தினார். வாய்தான் அசைந்தது.

இசிதோரோ சிரித்தார். "பொண்ணக் கட்டிக்கொடுத்து அனுப்புற அப்பன் மாதிரி, ஒவ்வொரு தடவையும் இவருக்கு இதே கூத்து!"

சத்தம் கேட்டு அங்குஸ்தியாஸ் கொண்டையை முடிந்தபடி இறங்கி வந்தாள். "விடுய்யா! அவரு ரயிலுக்குப் போகணும். மானத்த வாங்காத." அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள். அவளைத் தள்ளக்கூட அவருக்குத் தெம்பில்லை.

இசிதோரோ தெருச் சரிவில் இறங்கினார். பத்து அடி. காசியானோவுக்கு நெஞ்சு இறுகியது. இருபது அடி. வாசற்படியில் சரிந்தார்.

"ஐயோ, என்னய்யா பண்ணுது? வாயத் தொறந்து சொல்லேன்!"

வாயைத் திறந்தார்.

"மூச்சு முட்டுதுடி அங்குஸ்தியாஸ்..."

சத்தம் தெருக்கோடியிலிருந்து வந்தது. அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். இசிதோரோ கிட்டார் உறையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு முனை திரும்பினார்.

புருஷன் உதட்டின்மேல் அவள் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். காற்றில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. அது அசைய அசைய, அடுத்த தெருவிலிருந்து அவர் குரல், தேய்ந்து தேய்ந்து, அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது.