ஒத்துவராதது ஒன்று

மீட்டெடுத்த முதல் படத்தில் மாலை மட்டும் இருந்தது. ஓர் ஆளின் கழுத்துயரத்தில், ரோஜாவும் சம்பங்கியுமாக, யார் தோளிலும் படாமல் அந்தரத்தில் தொங்கியது. பின்னால் ‘பணி நிறைவு விழா’ என்று பேனர். கணேசமூர்த்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். படம் எடுத்தவன் சொதப்பியிருக்கிறான் என்று தீர்மானித்தார். தப்பு என்றால் அது எப்போதும் அவருக்குக் கீழே இருந்தவர்களுடையதுதான்.

நாளைக் காலை மல்லேஸ்வரம் மூத்தோர் மன்றம் அவருடைய எழுபத்தைந்து வயதைப் பாராட்டுகிறது. மன்றத்தின் தலைவரும் அவரே. திரையில் ஓடவேண்டிய படங்கள், பேச்சுகள், ‘கையொப்பமிட்ட காலம்’ என்ற முன்னூற்றுப் பன்னிரண்டு பக்கச் சுயசரிதை, எல்லாம் இந்தக் கம்ப்யூட்டரில்தான். இவ்வளவு பெரிய மனிதர் பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்தோடு மேடையேறுவதா?

மதியமே மகள் சௌம்யா போனில் எச்சரித்தாள்.

“அப்பா, உன் பேக்கப் சாஃப்ட்வேர் புதுசுல ஓடுமான்னு மொதல்ல பாத்துக்கோ. அப்பறம் மாத்து.”

“எனக்கேவா? எண்பத்தஞ்சுலேயே ஆபீஸுக்குக் கம்ப்யூட்டர் கொண்டுவந்தவண்டி நான்!”

“கொண்டுவந்தது லாரிப்பா. நீ ரிப்பன் வெட்டினே.”

ஞாயிற்றுக்கிழமை. நாலரைக்கு ராகு காலம். ஓடுமா ஓடாதா என்று பார்த்துக்கொண்டிருந்தால் நல்ல நேரம் போய்விடும். பெட்டிக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, நாலு இருபதுக்குப் பொத்தானை அழுத்தினார். பழைய கோப்புகளை வைத்துக்கொள்ளட்டுமா என்று அது கேட்டது. புது வீட்டுக்குப் பழைய துடைப்பத்தை யாராவது எடுத்துப்போவார்களா? எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னார். வெளி டிஸ்க்கில்தான் பிரதி இருக்கிறதே.

ஆறு மணிக்கு அந்த பேக்கப் சாஃப்ட்வேர், ‘இந்தப் பதிப்புடன் ஒத்துவராது’ என்றது. முடியாது என்று சொன்ன எத்தனையோ குமாஸ்தாக்களை வழிக்குக் கொண்டுவந்தவர் அவர். அமைப்புகளுக்குள் புகுந்து, இன்னும் பழைய சிஸ்டத்தில்தான் ஓடிக்கொண்டிருப்பதாக அதை நம்பவைத்தார். அது பணிந்தது. முதலில் அனுப்பியது அந்த மாலையைத்தான்.

வெளியே மழை கார்ஷெட் தகரத்தில் விடாமல் கொட்டிக்கொண்டிருக்க, சூடேறிய பெட்டியிலிருந்து சந்தனமும் பிளாஸ்டிக்கும் கலந்த ஒரு வாடை கிளம்ப, டிஸ்க்குக்குள்ளே யாரோ நகத்தால் பல்லைச் சுரண்டுவதுபோல ஒரு சத்தம் நிற்பதும் தொடர்வதுமாக இருக்க, அவர் அடுத்த படத்தைத் திறந்தார்.

கல்யாணம். பத்தொன்பது வயது அம்புஜம், கூறைப்புடவையில், வெட்கத்தோடு கையை நீட்டியிருந்தாள். அந்தக் கையை யாரும் பிடித்திருக்கவில்லை.

சௌம்யாவின் முதல் பிறந்தநாள். குழந்தை தரையிலிருந்து நாலடி உயரத்தில், எதன் மேலோ சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தது.

வெள்ளிவிழாப் பேச்சின் வீடியோ. மைக் இருந்தது. தண்ணீர் டம்ளர் இருந்தது. நீண்ட மௌனம். கைத்தட்டல். மறுபடி மௌனம். மறுபடி கைத்தட்டல். ஐம்பது நிமிடம்.

சுயசரிதையைத் திறந்தார். வெற்றுப் பக்கங்கள். கடைசிப் பக்கத்தில் மட்டும் ஒரு வரி: தட்டச்சு, அம்புஜம்.

திரையின் அடியில் கணக்கு ஓடியது. மீட்கப்பட்டவை 40,216. ஒத்துவராதது 1. அந்த ஒன்றின் மேல் சொடுக்கினார்.

அவருடைய பெயர். முழுப்பெயர், பட்டங்களோடு. பக்கத்தில், ‘நீக்கப்படுகிறது. 91%.’

ரத்து செய்யும் பொத்தானுக்குப் போனார். மவுஸ் நகரவில்லை. கை அதன் மேல்தான் இருந்தது. அழுத்தினார். விரலுக்கு அடியில் எதுவும் தட்டுப்படவில்லை.

“அம்புஜம்!”

கூடத்தில் அவள் போனில் பேசுவது கேட்டது.

“இங்க கொட்டித் தீக்கறதுடி சௌம்யா. எனக்கென்ன பயம்? தனியா இருந்து பழகினவதானே.”

“அம்புஜம்! இங்கே வா!”

“நாளைக்கா? ஒரு விசேஷமும் இல்லையே. ஏன் கேக்கறே?”

96%.

அவள் சிரிப்பு நெருங்கியது. கொலுசில்லாத கால். ஈரத் தரையில் பிசுபிசுத்த அடிகள். கதவு திறந்தது. அவள் அவரைப் பார்த்தாள். அவருக்குப் பின்னாலிருந்த சுவரைப் பார்த்தாள்.

“இதை யாரு ஆன் பண்ணி வெச்சா?”

98%.

“அடியே, நான்தான்! நான்!”

புடவைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டாள். நாற்காலியை நோக்கி வந்தாள். அவர் எழப் பார்த்தார். முழங்கால் எங்கே என்று தெரியவில்லை.

அவள் உட்கார்ந்தாள்.

நூறைத் தொட்டு அணைந்துபோன திரையின் கறுப்பில் ஒரே ஒரு முகம். ஏதோ குளிர்ந்ததுபோல அவள் கழுத்தை மெல்லத் தடவிக்கொண்டாள், சரியாக அவர் வாய் திறந்து அலறிக்கொண்டிருந்த இடத்தில்.