சீனியின் பின்னங்கால்கள்

நிரோஷினி கை வைக்கும் முன்பே பூனையின் வலது பின்னங்கால் மடங்கியது.

ஆறு கிழமையாக அசையாத கால் அது. கட்டுகஸ்தோட்டையில் மூன்றாம் மாடியிலிருந்து விழுந்த நாள் முதல், சீனி இடுப்புக்குக் கீழே துணிமூட்டை போலத்தான் இழுபட்டான். செல்லப்பிராணிகளுக்குப் பிசியோதெரபி செய்யும் அந்தக் கண்டி மாடியறையில், நாலு மணிக்கு அவனை ரப்பர் பாயில் கிடத்தி, காலை மடக்கி நீட்டி, வாய்விட்டு இருபது வரை எண்ணுவது நிரோஷினியின் வேலை. அவனும் லேசுப்பட்டவன் இல்லை. ஏழு எண்ணுவதற்குள் திரும்பி அவள் மணிக்கட்டைக் கவ்விவிடுவான்.

இன்று கால் தானாக மடங்கியதில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. போன கிழமை, இனி ஊசி போட்டு நிரந்தரமாகத் தூங்கவைத்துவிடலாம் என்று டொக்டர் சொன்னபோது, அவனைக் கொண்டுவரும் ஸக்கியா டீச்சரின் முகத்தைப் பார்க்கப் பொறுக்காமல் அவள் ஒரு திருட்டு வேலை செய்திருந்தாள். விரலிடுக்கில் கிள்ளினால் உணர்வற்ற காலும் வெடுக்கென்று இழுபடும். அது முதுகுத்தண்டு செய்கிற வேலை, பூனைக்கே தெரியாது என்று டொக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். தெரிந்திருந்தும், கிள்ளுகிற கை தெரியாதபடி காலை மட்டும் வீடியோ எடுத்து டீச்சருக்கு அனுப்பினாள். டீச்சர் அதை நம்பி ஊசி வேண்டாம் என்றுவிட்டார். இன்று ஐந்து மணிக்கு டொக்டரே வந்து பார்க்கப்போகிறார். கால் அசையாவிட்டால் சீனிக்கு ஊசி, இவள் பொய்யும் அம்பலம்.

"ஒண்ணு," என்றாள். மடங்கியது. "ரெண்டு." நீண்டது.

வெளியே மழை வலுத்து, பேராதனை வீதி பஸ்களின் ஹோர்ன் சத்தம் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கி, கரண்டும் போய், ஈரத் துவாயின் வாடை அறை முழுக்கப் பரவியது. பன்னிரண்டில் அவள் கண்ணைத் துடைக்கப் போய் எண்ணிக்கை நின்றது. கால் நிற்கவில்லை; இடது காலும் சேர்ந்துகொண்டது. மடங்கியும் நீண்டும் மிச்ச எட்டையும் முடித்து, சரியாக இருபதில் நின்றன.

அப்போதுதான் உறைத்தது. அவன் இன்று கடிக்கவே இல்லை.

"சீனி."

காது திரும்பவில்லை. வழி நெடுக இவன் சத்தமே போடவில்லை என்று, கூண்டைக் கொடுத்தபோது டீச்சர் சொல்லியிருந்தார். துவாயோடு தூக்கிக் கிடத்தியவள் அவன் முகத்தைப் பார்க்கவும் இல்லை. அவள் கவலையெல்லாம் காலில்தான் இருந்தது.

உதட்டைத் தூக்கி ஈறை அழுத்தினாள். வெள்ளை. குளிர். நெஞ்சில் விரல் வைத்தாள். துடிப்பில்லை. முன்னங்கால்கள் விறைத்திருந்தன.

இடுப்புக்குக் கீழே மட்டும் சூடு.

கையை வெடுக்கென எடுத்தாள். பின்னங்கால்கள் மறுபடி மடங்கின. ஊன்றின. இடுப்பு எழுந்தது.

படியில் செருப்புச் சத்தம். வாசலில் ஸக்கியா டீச்சர். பார்த்தவுடனே போனை உயர்த்திவிட்டார். கத்தாரில் இருக்கும் தன் மகள் பர்ஹானாவுக்கு அனுப்பத்தான்; அவளுடைய பூனை அது.

"அல்ஹம்துலில்லாஹ், நடக்கிறானே! எண்ணுங்க மகள், நிப்பாட்ட வாணாம்," என்றார் நிரோஷினியிடம்.

"டீச்சர்," என்றாள் நிரோஷினி. "அவன் மூஞ்சியப் பாருங்க."

டீச்சர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கன்னமெல்லாம் கண்ணீர். "அண்டைக்கு நீங்க அனுப்பின வீடியோ மாதிரியே கால மட்டுந்தான் எடுக்கிறன்."

திரையில் இரண்டு கால்கள் அழகாக நடந்தன. திரைக்கு வெளியே, திறந்த கண்களோடு ஒரு தலை பாயில் தேய்ந்து வந்தது. பின்னாலிருந்து தள்ளப்பட்டு. நிரோஷினியை நோக்கி. மண்டியிட்டபடியே பின்வாங்கிய அவள் முதுகு சுவரில் முட்டியது. அதற்கு மேல் இடமில்லை.

குளிர்ந்த மூக்கு அவள் முழங்காலில் இடித்து நின்றது.

"எண்ணுங்க மகள்."

இடுப்பு மெதுவாக வளைந்து அவள் பக்கம் திரும்பியது. ஒரு பின்னங்கால் உயர்ந்து, விரல்களை அகல விரித்து, கிள்ளிய அந்தக் கைக்கு நேரே காத்து நின்றது.