ஒரு தட்டு என்றால் தள்ளு

டுவைட்டும் அவன் மனைவி மார்னியும் ஃபுளோரிடாவில் அந்தப் பழைய வீட்டை வாங்கிக் குடிவந்த முதல் கோடையிலேயே புயல் வந்து சேர்ந்தது. அந்த ஊரில் எல்லோரும் செய்வதுபோல, காற்றில் பறந்துபோய் யார் வீட்டுக் கண்ணாடியையும் உடைக்காமலிருக்கத் தோட்டத்து நாற்காலிகளை எல்லாம் நீச்சல் குளத்துக்குள் தள்ளி மூழ்கடித்தான் டுவைட். அவசரத்தில் மெத்தைகளைக் கழற்ற மறந்துவிட்டான்.

மறுநாள் மதியமே அந்திபோல் இருட்டிவிட்டது. மழை விடுவதாக இல்லை. குளம் தளும்பி வழிந்தது. நிரம்பிய தண்ணீரை வெளியேற்றத்தான் ஓவர்ஃப்ளோ குழாய் இருந்தது. குளத்து விளிம்புக்குச் சற்றுக் கீழே வாய் திறந்து, புல்வெளிக்கு அடியில் ஓடி, தெருவோரச் சாக்கடையில் முடிகிற பழைய இரும்புக் குழாய், கை நுழைகிற அகலம். அது ஒரு சொட்டுக்கூட இழுக்கவில்லை. சுற்றிலும் மதில் இருந்ததால் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. தரையில் பரவிக் கண்ணாடிக் கதவை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது.

கதவுக்கு அந்தப் பக்கம், மாவுக்கட்டுப் போட்ட காலோடு மார்னி படுத்திருந்தாள். மின்சாரம் இல்லை, சாலையையும் மூடிவிட்டார்கள். அவளைத் தூக்கிக்கொண்டு போக ஓரிடமும் இல்லை. டுவைட்டுக்கு அழுகையே வந்துவிட்டது.

எதிர்வீட்டு ஓடெலுக்குப் போன் போட்டான்.

“மெத்தையோடயா போட்ட? நல்ல ஆளுய்யா நீ,” என்றார் ஓடெல். “பஞ்சு போய் அடைச்சிருக்கும். நீ அந்தப் பக்கம் கம்பிய விட்டு குத்து. நான் தெருவுல குழாய் முனைகிட்ட நின்னு தண்ணி வருதான்னு பாக்குறேன். மழையில கத்துனா கேக்காது, குழாயத் தட்டுறேன். ஒரு தட்டு தட்டுனா தள்ளு. ரெண்டுன்னா நிறுத்து.”

டுவைட் குளத்தோரம் குப்புறப் படுத்துக் கம்பியை உள்ளே விட்டான். அழுகிய இலை நாற்றம் முகத்தில் அடித்தது. கம்பி எதிலோ முட்டி நின்றது.

குழாய்க்குள் ‘டங்’ என்று ஒரு தட்டு.

கம்பியை எடுத்துவிட்டுக் கையையே விட்டான். முழங்கை வரை போயிற்று. விரலில் பஞ்சு பட்டது.

ஒரு தட்டு.

“தள்ளிக்கிட்டுத்தான் இருக்கேன்,” என்று முனகிக்கொண்டே தோள் வரை நுழைத்தான். பஞ்சு நழுவியது. கையை இழுத்தான்.

வரவில்லை.

திருகிப் பார்த்தான். மூச்சைப் பிடித்து இழுத்தான். குழாயின் விளிம்பு தோளைக் கவ்விக்கொண்டிருந்தது. தண்ணீர் அவன் காதைத் தொட்டது.

கண்ணாடிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. “டுவைட்,” என்றாள் மார்னி. “ஓடெல் போன் பண்ணாரு. வாசல்ல மரம் விழுந்து கிடக்காம். இன்னும் வீட்ட விட்டே கெளம்பலையாம்.”

ஒரு தட்டு.

அப்போதுதான், குழாய்க்குள் அவன் விரல்களுக்கு இடையே வேறு விரல்கள் மெல்ல நுழைந்தன.

சில்லென்று இருந்தன. அவற்றில் ஒன்றில் மோதிரம் இருந்தது.

அவை அவனை நோகடிக்கவில்லை. இறுக்கிப் பிடித்துக்கொண்டன, அவ்வளவுதான். விடுகிற உத்தேசம் அவற்றுக்கு இல்லை என்பது மட்டும் அவனுக்குப் புரிந்தது.

“மார்னி,” என்றான். அதற்குள் வாயில் தண்ணீர் புகுந்தது.

மாவுக்கட்டை இழுத்துக்கொண்டு, வலியில் அலறியபடியே தண்ணீரில் தவழ்ந்து வந்தாள் அவள். கையில் பாத்திரம் தேய்க்கும் சோப்பு பாட்டில். அதை அவன் தோள்மேல் கவிழ்த்துக் குழாய் இடுக்கெல்லாம் வழியவிட்டாள். அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டு, தன் எடை முழுவதையும் போட்டுப் பின்னால் சாய்ந்தாள்.

தோல் உரிந்து கை வெளியே வந்தது. அடுத்த நொடி குளத்துத் தண்ணீர் மடமடவென்று குழாய்க்குள் இறங்கியது.

காற்று ஓய்ந்ததும் வந்த ஓடெல், டுவைட்டின் கையில் கன்றியிருந்த விரல் தடங்களைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார்.

“முன்னாடி இங்க இருந்த ப்ரூயிட்டும் இப்படித்தான் கைய விட்டான்,” என்றார். “மாட்டி, முங்கியே போயிட்டான். தெருவுல குழாய் முனைகிட்ட நின்னது அவன் பொண்டாட்டி எட்னா. இங்க நடந்தது தெரியாம, தண்ணி வரலையேன்னு இருட்டுற வரைக்கும் ஒத்தத் தட்டு தட்டிக்கிட்டே இருந்தா. தள்ளு, தள்ளுன்னு.”

“அவங்க இப்ப எங்க?” என்றாள் மார்னி.

“அந்தக் குளிர்காலத்துலயே செத்துப்போயிட்டா. நான் தட்டாம இருந்திருந்தா அவன் கைய எடுத்திருப்பான்னு சொல்லிச் சொல்லியே போயிட்டா.”

டுவைட் ஆள் வைத்துத் தோண்டி, இரும்புக் குழாயை மொத்தமாகப் பிடுங்கிக் குப்பை வண்டியில் ஏற்றினான். குளத்திலிருந்த ஓட்டையை சிமென்ட் பூசி அடைத்துவிட்டு, வேறு பக்கமாகப் புதுக் குழாய் போட்டான். அதன்பிறகுதான் அவனுக்குத் தூக்கம் பிடித்தது.

மாவுக்கட்டைப் பிரித்த மறுநாள் காலை, எத்தனையோ நாள் கழித்து மார்னி குளியல் தொட்டியில் தண்ணீரைத் திறந்துவிட்டு உட்கார்ந்தாள். சமையலறையில் டுவைட் முட்டை பொரித்துக்கொண்டிருந்தான். குளியலறையில் தண்ணீர் கொட்டும் சத்தம் நிற்கவே இல்லை.

“டுவைட், இப்ப தட்டுனது நீதானே?”

கரண்டி அவன் கையிலிருந்து விழுந்தது.

ஓடிப்போய்க் கதவைத் தள்ளினான். தொட்டி விளிம்பைத் தாண்டித் தண்ணீர் தரையில் வழிந்துகொண்டிருந்தது. தொட்டி நிரம்பினால் தண்ணீர் வெளியேற விளிம்புக்குக் கீழே இருக்கும் ஓவர்ஃப்ளோ ஓட்டையை மூடும் வட்டத் தகடு கழன்று சோப்புப் பெட்டிக்குள் கிடந்தது. மார்னியின் இடது கை விரல்கள் அந்த ஓட்டைக்குள் இருந்தன.

“தண்ணி இறங்கலையேன்னு கழட்டிப் பாத்தேன்,” என்றாள். “ஒரு தட்டு கேட்டுச்சு. நீ அந்தப் பக்கத்துலேர்ந்து சரி பண்றேன்னு நெனச்சு விரல விட்டேன்.”

“எடு, மார்னி. எடுத்துடு.”

அவள் முகத்தில் ரத்தமே இல்லை. குரல் கிசுகிசுப்பாக வந்தது.

“என் கல்யாண மோதிரத்த யாரோ தடவிப் பாக்குறாங்க.”