வாயிலிருந்து நழுவிய வார்த்தை

"ஐயோ... என் ஜெர்சி!"

ரெனாட்டா துள்ளி எழுந்தாள். புத்தம் புதிய வெள்ளை ஜெர்சி. அதன் தோளில் கடுகு சாஸ் மஞ்சளாக வழிந்துகொண்டிருந்தது. பேஸ்பால் அரங்கத்தின் பக்கத்துப் படியில் வெறும் பன்னை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு ஓர் இளைஞன் திருதிருவென விழித்தான்.

"கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?"

"சாரிங்க... கண்ணு மைதானத்துல இருந்துச்சு. நம்ம டீமுக்குப் பந்து வீசற டாகெட் போட்ட அந்தப் பந்தைப் பார்த்தீங்கல்ல? அதைப் பார்த்தப்புறம் படியை எங்க பார்க்கறது?"

அவனுடைய கண்கள் மழைக்கு முந்தைய வானத்தின் நிறத்தில் இருந்தன. அவ்வளவு கெஞ்சல் அவற்றில். வாங்கு வாங்கென்று வாங்க வந்தவளுக்குப் பாதி வசவு மறந்தே போயிற்று. 'சே, என்ன கண்ணுடா இது...'

முகத்தைத் திருப்பிக்கொண்டு, துடைக்கக் காகிதத்தை எடுத்தாள். சட்டென்று அவள் கையைப் பிடித்தார் அப்பா காஸிமிர்.

"துடைக்காதே!"

"அப்பா?"

"இவன் கொட்டினான், டாகெட் அந்த பேட்டரைத் துரத்திட்டான். இது ராசியான கறை. அப்படியே இருக்கட்டும். தம்பி, நீயும் இங்கயே உட்காரு."

"என் சீட் மேல இருக்கு சார்..."

"ஆட்டம் முடியற வரைக்கும் இதுதான் உன் சீட். அசைஞ்சே, அவ்வளவுதான்!"

பிட்ஸ்பர்க்கில் இதை யாரும் பைத்தியக்காரத்தனம் என்று சொல்லமாட்டார்கள். அவனும் மறுபேச்சின்றி உட்கார்ந்தான். பெயர் எலியட்டாம். ஆற்றுக்கு அக்கரையில் சைக்கிள் பழுது பார்க்கிறானாம். கேட்காமலேயே சொன்னான்.

"நான் கேட்டேனா?" என்றாள் ரெனாட்டா.

"கேட்கலாமான்னு யோசிச்சீங்க. முகத்துல தெரிஞ்சுது."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்க மைதானத்தைப் பார்த்தாள்... பார்த்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

டாகெட் அன்று என்ன போட்டானோ, எப்படிப் போட்டானோ! அவன் கையிலிருந்து பந்து சோம்பலாகத்தான் கிளம்பியது. பேட்டர் மட்டையை வீசும் நேரத்தில் அது அங்கே இல்லை. கீழே சரிந்து, பின்னால் குந்தியிருந்த கேட்சரின் கையுறைக்குள் போய் ஒளிந்துகொண்டது. பெரிய பெரிய ஆட்டக்காரர்களெல்லாம் காற்றைச் சுழற்றிவிட்டு அசடு வழியத் திரும்பினார்கள். இத்தனை வருடமாகத் தோற்றுத் தோற்றே பழகிய டீமில் இப்படியொருத்தனா என்று அவளுக்கு நெஞ்சு விம்மியது.

தூறல் விழுந்தது. யாரும் எழவில்லை. எலியட் தன் தொப்பியைக் கழற்றி அவள் தலையில் வைத்தான். அவள் வேண்டாமென்று சொல்லவில்லை.

இன்னிங்ஸ்கள் நகர நகர, அரங்கத்தில் பேச்சுக் குறைந்தது. எதிர் டீமில் ஒருவன்கூட பந்தை ஒழுங்காக அடித்து ஃபர்ஸ்ட் பேஸ் என்னும் முதல் மூலையைத் தொடவில்லை. கடைசிவரை இப்படியே போனால் அதற்கொரு பெயர் உண்டு. ஆட்டம் முடியும்வரை அந்தப் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்லக்கூடாது. சொன்னால் கெட்டது! காஸிமிர் வாழ்நாளெல்லாம் காத்திருந்தது அப்படியொரு ஆட்டத்துக்குத்தான். உதட்டைக் கடித்துக்கொண்டு, கண்ணை இமைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

எட்டாவது இன்னிங்ஸ். எலியட் அவளைத் திரும்பிப் பார்த்தான். கண்களில் அதே மழை, அதே சந்தோஷம். அவளுக்கு உள்ளே எதுவோ பொங்கிக்கொண்டு வந்தது. அவன் காதருகே குனிந்தாள்.

"நோ-ஹிட்டர்... நம்ம கண்ணு முன்னாடியே!"

டொக்!

பந்து எழும்பி, ஓடிவந்த இரண்டு பேருக்கு நடுவே, யாரும் இல்லாத புல்லில் பொத்தென்று விழுந்தது. ஹிட். நோ-ஹிட்டர் கலைந்தது. அரங்கமே "ஐயோ" என்றது.

காஸிமிர் மெதுவாகத் திரும்பினார். முகம் சிவந்திருந்தது.

"யாரோ சொன்னாங்க. என் காதுல விழுந்துச்சு. யாரு?"

ரெனாட்டா தொப்பியின் விளிம்பை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள்.

"நான்தான் சார்," என்றான் எலியட்.

"நீயா! உன்னைப் பக்கத்துல உட்கார வச்சேன் பாரு... எழுந்திரு. மேல போ. இனிமே இந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்காதே!"

எலியட் எழுந்து, அவளைப் பார்க்காமலேயே படியேறிப் போனான். அவள் வாயைத் திறக்கவில்லை. அப்பாவின் கோபத்துக்குப் பயம். அதைவிட, அப்பாவின் முகம் வாடுவதைப் பார்க்கப் பயம். 'இப்படியே போயிடுவானோ... எனக்காகப் பழியைச் சுமந்துக்கிட்டு?'

மைதானத்தில் டாகெட் தொப்பியைச் சரிசெய்துகொண்டான். விழுந்த பந்தை ஒருமுறை பார்த்தான். பிறகு கையை நீட்டி வேறு பந்து கேட்டான். அவ்வளவுதான். அடுத்து வந்தவனையும், அவனுக்கு அடுத்தவனையும் முன்னைப் போலவே திருப்பி அனுப்பினான். கனவு கலைந்ததுபோல் அவன் நடந்துகொள்ளவே இல்லை. வென்று முடித்தபோது அரங்கம் எழுந்து நின்று கத்தியது. ரெனாட்டா மட்டும் அழுதுகொண்டிருந்தாள்.

"அப்பா... அவர் சொல்லல. நான்தான் சொன்னேன்."

கைதட்டிக்கொண்டிருந்த காஸிமிர் சட்டென்று நிறுத்தினார்.

"நீயா? எனக்குப் பொறந்தவளா?"

"நான்தான்பா. சந்தோஷத்துல வாய் தவறிடுச்சு."

அவர் மேல் வரிசையைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்போ அந்தப் பய ஏன் பொய் சொன்னான்?"

ரெனாட்டா தலையைக் குனிந்துகொண்டாள். கன்னம் சிவந்துபோயிற்று. பிறகு அந்தத் தகப்பனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"ஓடு... போய்ப் பிடி! கூட்டம் கலையுது பாரு. அவன் போனா எனக்கு அடுத்த ஆட்டத்துல பக்கத்துல யாரு? உன்னையா உட்கார வைக்க முடியும்?"

அவள் ஓடினாள். இறங்கி வருபவர்களை இடித்துக்கொண்டு, மழையில் நனைந்துகொண்டு, மேல் வரிசைக்கு ஏறினாள். வெளியே போகும் வாசலருகே அவன் நின்றிருந்தான்.

"எலியட்!"

திரும்பினான்.

"அப்பாகிட்ட சொல்லிட்டேன். நான்தான்னு."

"ஐயையோ... வீட்டுல சோறு கிடைக்குமா உங்களுக்கு?"

"கேலி பண்ணாதீங்க. ஏன் பழியை ஏத்துக்கிட்டீங்க?"

"அந்த வார்த்தையை என் காதுல சொன்னப்போ உங்க முகம் இருந்துச்சு பாருங்க... அதுக்கப்புறம் உங்களைத் திட்டு வாங்க விட மனசு வரல." அவன் தயங்கினான். "இன்னொண்ணு சொல்லணும். சொன்னா கெட்டுப் போயிடுமோன்னு..."

ரெனாட்டா ஒரு படி ஏறி அவன் பக்கத்தில் நின்றாள். மூச்சு இன்னும் வாங்கியது.

"ஆட்டம்தான் முடிஞ்சுபோச்சே... இனிமே எதைச் சொன்னாலும் கெடாது. நானே முதல்ல சொல்றேன். எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு."