சாரலோடு வரும் ஜன்னத்

1984 ஆடி மாதம். தென்காசியில் காற்றின் மாசை அளக்க எங்கெங்கே கருவி வைப்பது என்று திட்டம் போட வந்திருந்தார் குழல்வாய்மொழி. அவர் அறை வாசலில் ஷரீபுன்னிசா சாரலில் நனைந்தபடி வந்து நின்றாள்.

“போன சாரல்ல மூத்தவ ஜன்னத் தூக்கத்துலயே மவுத்தாயிட்டாம்மா. இப்போ அவ வந்து சின்னவ ஜாஹிராவையும் கூப்பிடுதா. காலையில எழுப்பினா சின்னவ தலையைப் பிடிச்சிட்டு வாந்தி எடுக்கா. ‘அக்கா வந்தா’ங்கா. நீங்க காத்தை அளக்குதவங்கன்னு சொன்னாங்க, இவளையாவது காப்பாத்திக் குடுங்க.”

உதவியாளன் செல்லப்பா ஓரடி பின்வாங்கினான். ஆனாலும், “பேயாவது பிசாசாவது! பக்கத்துல பலவேசத்தோட சுண்ணாம்புக் காளவாசல் இருக்கு மேடம். அந்தப் புகைதான்,” என்று துள்ளினான்.

ஷரீபுன்னிசா வீட்டு மொட்டைமாடியில் கருவியை ஓடவிட்டார்கள். மறுநாள், புகைக்கரியைப் பிடிக்கும் வடிதாள் வெள்ளை வெளேரென்று இருந்தது. மேற்கிலிருந்து வீசிய காற்று காளவாசல் புகையை எதிர்ப்பக்கம் அடித்துக்கொண்டு போயிருந்தது. அப்படியானால் அக்காதானோ என்று செல்லப்பாவுக்கே பயம் தட்டியது.

குழல்வாய்மொழி ஜாஹிராவின் கவுனைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு பலவேசத்தையும் வரவழைத்து எல்லாரையும் கூடத்தில் உட்காரவைத்தார்.

“அண்ணாச்சி மேல குத்தமில்லை. நாம கூரைக்கு மேல அளந்தோம். பிள்ளை கூரைக்குக் கீழல்லா மூச்சு விடுதா? செல்லப்பா, உன் சட்டை காஞ்சிருக்கா?”

“எங்க மேடம்! ஒரு வாரமா ஈரந்தான்.”

“இவ கவுனைத் தொடு.”

மொடமொடவென்று இருந்தது. சாம்பிராணி மணத்தது.

“கரிச்சட்டி மேல கூடையைக் கவுத்தி, அதுமேல துணியைக் காயப்போடுவேன்,” என்றாள் ஷரீபுன்னிசா. “பிள்ளைக்கும் கதகதப்பா இருக்கும். சாரல் அடிக்குன்னு ஜன்னலைச் சாத்திருவேன். எல்லா வீட்டுலயும் செய்யுததுதானே?”

“நீங்க எங்க படுப்பீங்க?”

“கதவுக்கு வெளிய, வாசல்ல. ஜன்னத் வந்தா மறிக்கணும்லா.”

குழல்வாய்மொழி குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அடைச்ச அறையில கரி கனிஞ்சா விஷவாயு வரும்மா. அதுக்கு வாடையே கிடையாது. தலை வலிக்கும், வாந்தி வரும், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். கூடிப்போனா தூக்கத்துலயே முடிஞ்சிரும். சட்டியை வெளியே எடுத்திருங்க. ஜாஹிரா பிழைச்சுக்கிடுவா. என் அடுத்த கருவியெல்லாம் வீட்டுக்குள்ளதான்.”

ஷரீபுன்னிசா பிள்ளையை இறுக்கிக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுகை சட்டென்று நின்றது.

“போன வருஷம் ஜன்னத்துக்குச் சளின்னு சட்டிக்குப் பக்கத்துல படுக்கப்போட்டேன். அம்மா… அவளையும் நானா?”



“அப்போ நான் அளந்து பார்க்கலையேம்மா,” என்றார் குழல்வாய்மொழி.

அளக்காததைச் சொல்வதில்லை என்பது அவருடைய சட்டம். ஜாஹிராவின் அறையை அளக்காமலே சொன்னவர், ஜன்னத் விஷயத்தில் மட்டும் அந்தச் சட்டத்தின் பின்னால் ஒளிந்துகொண்டார். செல்லப்பாவுக்கு அது புரிந்தது. அந்தத் தாய்க்கும் புரிந்துவிட்டது.