இறுகக் கட்டிய துணி

சலீமா பீவி கஞ்சியை வடிகட்டிக்கொண்டிருந்தாள். மாமியார் ஆசியா உம்மாளுக்குத் தொண்டைக்குக் கீழே கட்டி. விழுங்க முடியாததால் கடலூர் பெரியாஸ்பத்திரியில் வயிற்றில் துளையிட்டு ரப்பர் குழாய் வைத்திருந்தார்கள். ஆகாரமெல்லாம் அதன் வழியாகத்தான். அவளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லையென்று சலீமா திட்டக்குடியில் நடந்த தம்பி கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லை.

காலை ரயிலில் சிதம்பரத்திலிருந்து வந்திறங்கிய நாத்தனார் ஜொஹரா பீவி, தாயின் சேலையை விலக்கியதும் அலறினாள்.

“ஐயோ... தோலெல்லாம் வெந்து கெடக்கே! இதுதான் நீ பாக்குற லட்சணமா? மருமவளாம் மருமவ!”

சலீமா கஞ்சிப் பாத்திரத்தை மூடி வைத்தாள்.

“காசிம்! உன் வாயில என்னடா, கொழுக்கட்டையா? அம்மாவ நான் அழைச்சிட்டுப் போறேன். இவள அவ அம்மா ஊட்டுக்கு அனுப்பு!”

காசிம் மனைவியைப் பார்த்தான். “மருந்து போடுறியா இல்லியா?”

இதுவரை ஒருமுறைகூட அந்தக் குழாயைத் தொடாதவன் கேட்ட கேள்வி!

உண்மை சலீமாவுக்கே அன்று விடியலில்தான் தெரிந்தது. தொழுவதற்குமுன் மாமியார் குழாயைச் சுற்றித் துணியை இறுகக் கட்டுவதைப் பார்த்துவிட்டாள். கசியும் வயிற்றுநீர் உடுப்பில் பட்டால் தொழுகை கூடாதே என்ற பயம். அந்த நீர் துணிக்குள்ளேயே தங்கித் தோலைத் தின்றிருந்தது.

“யாருகிட்டயும் சொல்லாத கண்ணு... தொழவே வேணாம்னுடுவாங்க” என்று மாமியார் கெஞ்சியிருந்தாள்.

“நான் போயிடுறேன்” என்றாள் சலீமா. “ஆனா அந்த எடத்த, காய்ச்சி ஆறின தண்ணியால கழுவணும். தேய்க்காம ஒத்தி எடுத்து, நல்லாக் காஞ்சப்புறம் டாக்டர் குடுத்த வெள்ளக் களிம்பு பூசணும். துணி லூசா இருக்கணும்... நனைஞ்சா ஒடனே மாத்தணும்...”

களிம்பு டப்பியை ஜொஹராவிடம் நீட்டினாள்.

ஆசியா உம்மாள் எழுந்து உட்கார்ந்தாள்.

“வாய மூடு ஜொஹரா! தொழுகைக்காக இறுக்கிக் கட்டுனவ நான்... அவுத்துக் கழுவுனவ அவ! நீ மூக்கப் பொத்துற நாத்தத்துல அவதான்டி தெனம் கை வைக்குறா!”

ஜொஹரா மூக்கைப் பொத்தியிருந்த கையை இறக்கினாள். காசிம் சட்டையை மாட்டிக்கொண்டு பள்ளிவாசலுக்கு ஓடினான். திரும்பி வந்தவன் தாயின் காலடியில் உட்கார்ந்தான்.

“நோயாளிக்குக் கசியறது குத்தமில்லியாம், அம்மா. ஒவ்வொரு தொழுகைக்கும் சுத்தம் பண்ணி, புதுசாக் கை கால் முகம் கழுவி ஒளு செஞ்சாப் போதும்னு பள்ளிவாசல் அசரத்து சொல்லிட்டாரு.”

ஜொஹரா சலீமாவின் கையைப் பிடித்தாள். “மன்னிச்சிடு... அந்தக் களிம்ப எப்படி வைக்கணும்னு எனக்கும் காட்டு.”

“மொதல்ல சோப்புப் போட்டுக் கையக் கழுவுங்க” என்றாள் சலீமா, கண்ணைத் துடைத்தபடி.

அன்று நண்பகல், தளர்த்திய துணியோடு கட்டிலில் உட்கார்ந்தே தொழுதாள் ஆசியா உம்மாள். பிறகு கையேந்தினாள்.

“யா அல்லா... என் மவ சலீமாவுக்கு நீண்ட ஆயுசக் குடு...”

முதலில் ஆமீன் சொன்னவள் ஜொஹரா.